சொல் தவறாக் கருவி

சேலம் மாநகரின் ஒரு பகுதியாக விளங்குவது சூரமங்கலம். சேலம் சந்திப்பு நிலையம் அமைந்திருப்பது இங்கேதான். சோலையார்ப்பேட்டை, ஈரோடு, ஓமலூர், விருத்தாசலம், கரூர் ஆகிய ஊர்களிலிருந்து வரும் இருப்புப்பாதைகள் இங்கு வந்து கூடுகின்றன. அல்லும் பகலும் வண்டிகள் வந்து செல்கின்றன. அவை ஒன்றோடொன்று மோதாவண்ணம் காப்பது யாது? மாணவர்களே, அதனை ஈண்டு அறிவோம்.

தண்டவாளம் உரிய பாதைக்குத் திருப்பிப் பூட்டப்பெற்ற பின்னரே வண்டிக்கு வழிவிடும் சைகை தோன்றுதல் வேண்டும். சைகை தோன்றியபின் தண்டவாளம் அசைதல் கூடாது. முற்காலத்தில், ஒன்றையொன்று தடுக்குமாறு பிணைக்கப்பெற்ற நெம்புகோல்கள் இவ்விதியைக் காத்தன. பின்னர், ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகள் அப்பணியை ஏற்றன. இக்காலத்தே பல நிலையங்களில் மின்னணுக் கருவிகள் அதனைச் செய்கின்றன.

தொழிற்சாலைகளின் வரலாறும் இத்தகையதே. மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில் எண்ணற்ற ரிலேக்களைக் கம்பிகளால் பிணைத்து எந்திரங்களை இயக்கி வந்தனர். வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் அக்கம்பிகளைப் பிரித்து மீண்டும் பிணைக்க நேர்ந்தது. இவ்வல்லலைத் தீர்க்க, 1968ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் டிக் மார்லி ஒரு வழி கண்டார். கம்பிப் பிணைப்பை நீக்கி, அதன் பணியைக் கட்டளைத் தொடரிடம் ஒப்புவித்தார். பி.எல்.சி. என்று இன்று வழங்கும் கட்டுப்பாட்டுக் கருவி இவ்வாறு தோன்றிற்று.

அக்கருவி முதலில் எந்திரத்தின் நிலையை அறியும், அடுத்துத் தன்பால் உள்ள கட்டளைகளோடு ஒப்பிட்டு ஆராயும், பின்பு ஆணையிடும். இம்மூன்றையும் ஒரு நொடியில் பன்முறை செய்யும். மாற்றம் வேண்டுமாயின், கட்டளையைத் திருத்தினால் போதும்.

நிலையங்களில் உள்ள மின்னணுக் கருவியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. எனினும், அங்கு உயிர்க்காப்பே தலையாயதாதலின், பழுது நேரின் சிவப்பு விளக்கே எரியுமாறு அதனை அமைப்பர்.

இத்துணைக் காவல் இருந்தும் தீங்கு நேர்ந்ததுண்டு. 2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாகாநகா பசார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி கிளைப்பாதையில் புகுந்து, ஆங்கு நின்ற சரக்கு வண்டியின்மீது மோதிற்று. இருநூற்றுத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தண்டவாளம் கிளைப்பாதைக்குத் திரும்பியிருக்க, அது நேர்ப்பாதைக்கே உரியதாயிருப்பதாகச் செய்தி சென்றது. மின்சுற்றில் முன்னர்ச் செய்த மாற்றங்களில் நேர்ந்த பிழையே இதற்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

கருவி தனக்கு எட்டிய செய்தியையே மெய்யெனக் கொள்ளும். ஐயுற்று ஆராய அறியாது. ஆதலின், ஒரு கம்பியை மாற்றினும் ஒரு கட்டளையைத் திருத்தினும், மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தல் மாந்தர் கடனாகும். நாளை பொறியாளராகும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.