ஒரு பெயர், இரு கோப்புகள்

“பொன்விழா” என்னுஞ் சொல்லை நாம் ஒருவாறே எழுதுகின்றோம்; கணினியோ இருவாறு எழுதும். “பொ” என்பதிலுள்ள உயிர்க்குறிக்கு யூனிக்கோடு முறையில் தனியெண் ஒன்றுண்டு. ஒற்றைக்கொம்புக்கும் அரவுக்குமுரிய ஈரெண்களைச் சேர்த்தும் அக்குறியை ஆக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு.

ஆப்பிள் கணினிகளுக்கென 1998இல் வெளிவந்த எச்.எப்.எஸ். பிளஸ் என்னுங் கோப்புமுறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. லினக்ஸ் தந்தவாறே வைக்கும். இவற்றிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் என்னும் மென்பொருள் முதலிற் பெயரைப் பொருத்திப் பார்க்கின்றது. பொருந்தினால் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டு, மாறாத கோப்பை விட்டுச்செல்லும். அதன் விரைவுக்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸிலிருந்து ஆப்பிளுக்குச் சென்ற கோப்பு மீளுகையில் பெயர் பொருந்தாமையால், புதியதெனக் கருதி முழுவதையும் அனுப்பும். வேலை நீளும், ஒரு கோப்பு இரண்டாகும். மிகையென்றெண்ணி ஒன்றை அழிப்போர் திருத்திய படியையே இழத்தலுங் கூடும்.

2008இல் வெளிவந்த ஆர்சிங்க் 3.0, பெயர்க்குறிகளை மாற்றியனுப்பும் “ஐகான்வ்” வசதியைத் தந்தது. கல்லூரியின் பழம் படங்களையும் ஏடுகளையும் கணினியிற் பேண விழையும் அன்பர்கள், “பொ” அமைந்த பெயருடைய கோப்பொன்றை முதலில் அனுப்பித் திரும்பப் பெறுக. அஃது ஒன்றாகவே நிற்பின் எஞ்சியவற்றை அனுப்புக. எழுத்திற் காட்டும் சிறு கவனம் பெருஞ்செல்வத்தைக் காக்கும்.