இலக்கும் கணக்கும்

மாதக் கடைசி வந்தால் கம்பெனிப் பிரதிநிதி நம் கடையேறி, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டே பெட்டி எடுத்துக்குங்க, டார்கெட் முடிக்கணும்" என்பார். சரக்கு நம் அலமாரியில் தூங்கும். அவர் கணக்கில் விற்றதாக ஏறிவிடும். அரசாங்க அலுவலகங்களிலும் இதே வியாதி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம் சுருளிப்பட்டியில் என் கடைக்கு ஆய்வுக்கு வந்தார்கள். தராசில் முத்திரை சரியாக இருந்தது. சான்றிதழைச் சுவரில் மாட்டாமல் மேஜைக்குள் வைத்திருந்தேன், அதற்கு அபராதம். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்தவரே, "வருஷக் கணக்குக்கு நாலு கேஸ் குறையுது" என்றார். அதே வாரம் சந்தையில் கருங்கல்லை எடைக்கல்லாக வைத்து நிறுத்தவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

நெருக்கடிநிலைக் காலத்தில் இது உயிரோடு விளையாடியது. 1976-77-ல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு நாடு முழுவதும் 43 லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். நடந்ததோ 80 லட்சத்துக்கும் மேல். வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட இத்தனை பேரைக் கூட்டிவர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1977 தேர்தலில் ஆட்சியே போயிற்று. ஆனாலும் அந்த இலக்கு முறையை மத்திய அரசு கைவிட 1996 ஏப்ரல் வரை ஆயிற்று!

அதற்காக அளக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து விருதுநகரைப் பாருங்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. அதிலுள்ள 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறதா, குழந்தைக்கு எடை இருக்கிறதா என்பது போல 49 அளவுகோல்கள். சுகாதாரத்துக்கும் கல்விக்கும் நூற்றுக்கு முப்பது முப்பது மதிப்பெண்.

இதில் எனக்குப் பிடித்தது, யார் முன்னே நிற்கிறார் என்பதைவிட, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தார் என்று பார்த்ததுதான். பெட்டிக்கடையையும் மொத்த மண்டியையும் விற்றுமுதலை வைத்து ஒப்பிடலாமா? மாவட்டம் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்காமல், வெளியாட்களை வீடுகளுக்கு அனுப்பிச் சரிபார்க்கவும் செய்தார்கள். பேரேட்டை மூடிவிட்டுக் கிடங்கில் மூட்டையை எண்ணுவது நமக்குத் தெரியாததா? 2018 டிசம்பரில் வெளியான பட்டியலில் விருதுநகர் முதலிடம் பெற்றது.

அடுத்த முறை அதிகாரிகள் நம் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, போட்ட கேஸ் எத்தனை என்பதோடு, சந்தையில் முத்திரையிட்ட தராசு சென்ற ஆண்டைவிட எத்தனை கூடியது என்றும் கேட்க இருக்கிறேன். என் சான்றிதழ் இப்போது கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. நீங்களும் மார்ச் வருவதற்குள் மாட்டிவிடுங்கள்.