அழுத்தநீக்க முக்குளிப்பு

அழுத்தநீக்க முக்குளிப்பு என்பது, முக்குளிப்பவர் கடலடியிலிருந்து நேராக நீர்மட்டத்திற்கு வர இயலாமல், வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் குறிப்பிட்ட நேரம் தங்கித் தங்கி ஏற வேண்டிய முக்குளிப்பு ஆகும். எந்த நொடியிலும் நேராக மேலேற இயலுமாயின் அது பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பின் எல்லைக்குள் அடங்கும். இவ்வெல்லை 40 மீட்டர் என்று பொதுவாகக் கூறப்படினும், அதனை வகுப்பது ஆழம் மட்டுமன்று. ஆழமும் அங்கே கழித்த நேரமும் சேர்ந்தே வகுக்கின்றன.

காரணம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வதுபோல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலி, பக்கவாதம், சிலவேளை இறப்பு ஆகியன இதன் விளைவுகள். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளைக் கொண்டு ஆய்வு நடத்தி, படிப்படியாக மேலேறுவதற்கான முதல் அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார்.

எல்லை கடக்கப்படும் விதம்

'பாடி' என்னும் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, நாளின் முதல் முக்குளிப்பில் தங்கல் இன்றி 18 மீட்டரில் 56 நிமிடமும், 30 மீட்டரில் 20 நிமிடமும், 40 மீட்டரில் 9 நிமிடமும் இருக்கலாம். இவற்றைக் காற்றின் அளவோடு ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும்.

முதலியார்பேட்டை உள்ளிட்ட புதுச்சேரி நகரின் கரைக்கு அப்பால், வங்காள விரிகுடாவில் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் செயற்கைப் பாறைத்திட்டு ஒன்று உள்ளது. நீர்மட்டத்தில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு 18 மீட்டரில் 56 லிட்டர் தேவை. 11 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த 2,200 லிட்டர் காற்று அங்கே 39 நிமிடத்தில் தீரும். ஆகவே, முதல் முக்குளிப்பில் நைட்ரசன் எல்லையை எட்டுமுன் காற்றே அவரை மேலே அனுப்பிவிடும். 40 மீட்டரிலோ அதே உருளை 22 நிமிடம் வரும். எல்லையோ 9 நிமிடம். அங்கே காற்று இருக்கிறது என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது.

ஹேர்மிஸ் கப்பல்

தமிழர் வாழும் கரைகளில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். 1924இல் பணியில் சேர்ந்த இப்பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்று சப்பானிய வானூர்திகள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். சிதைவு ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கு அழுத்தம் 6.3 வளிமண்டலம். மேற்கூறிய உருளை 18 நிமிடம்கூட நீடிக்காது. அடியில் 20 நிமிடம் இருந்தால், மேலேறுவதற்கு அதைவிட நீண்ட நேரம் ஆகும். எனவே இரட்டை உருளைகளும், தங்கல்களில் சுவாசிக்க ஆக்சிசன் மிகுந்த கலவையும் கொண்டு செல்வர். ஆழத்தில் நைட்ரசன் உண்டாக்கும் மதிமயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த வாயுவும் பயன்படுகிறது. கருவி பழுதானாலும் மேலே ஓட முடியாது. பழுதை நீருக்குள்ளேயே சரிசெய்தாக வேண்டும். இத்தகைய முக்குளிப்பே 1990களின் தொடக்கத்திலிருந்து 'தொழில்நுட்ப முக்குளிப்பு' என்று அழைக்கப்படுகிறது.

எல்லையைப் பற்றிய கருத்து வேறுபாடு

இக்கோடு எல்லா நாடுகளிலும் ஒரே இடத்தில் இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்சில், தகுந்த பயிற்சி பெற்றோர் காற்றைக் கொண்டே 60 மீட்டர் வரை பொழுதுபோக்காக இறங்கலாம். தங்கல்களும் அங்கே வழக்கமான பயிற்சியின் பகுதியே. அவ்வளவில் ஹேர்மிஸ் கூட அவர்களுக்குப் பொழுதுபோக்குதான். உடலில் கரையும் நைட்ரசனுக்கு இப்பெயர்கள் தெரியா என்பது வேறு.

இலங்கைக் கடலில் சங்கு, கடலட்டை எடுக்க ஸ்கூபா கருவியுடன் இறங்கும் மீனவர்கள் இரு வகையிலும் சேரார். அவர்கள் ஒரே நாளில் உருளை மாற்றி மாற்றிப் பலமுறை இறங்குகின்றனர். முந்தைய முக்குளிப்பின் நைட்ரசன் உடலில் எஞ்சியிருப்பதால் ஒவ்வொரு முறையும் எல்லை சுருங்குகிறது. அட்டவணையோ கணிப்பானோ இன்றி, அழுத்தநீக்க முக்குளிப்பை அவர்கள் அறியாமலே செய்து முடிக்கின்றனர். பாதிக்கப்பட்டவருக்குரிய சிகிச்சை, உயரழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி ஆக்சிசன் அளித்து மெல்ல வெளிக்கொணர்வதாகும். அந்த அறையை அடையத் தாமதமாகும் அளவுக்கு நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.