உயிர்ப்பாறையில் ஒளிந்து வரும் எதிரிகள்: கடல்நீர் மீன் தொட்டி வைப்போர் கவனத்துக்கு

நன்னீர் வண்ணமீன் வளர்ப்பில் அனுபவம் பெற்ற பலர் இப்போது கடல்நீர் மீன்களின் பக்கம் திரும்புகிறார்கள். கோமாளி மீன்களைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருப்பதும் இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஒரு ஜோடி கடல் மீனின் விலையில் நூற்றுக்கணக்கான கப்பி மீன்களை வாங்கிவிடலாம். எனவே இதில் ஏற்படும் இழப்பும் பெரிது.

புதிய தொட்டியில் விட்ட மீன்கள் இரவில் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது அப்படிப்பட்ட இழப்புகளில் ஒன்று. தண்ணீர் சரியாக இருக்கும். மீனுக்கு நோய் அறிகுறியும் இருக்காது. காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள் வைத்த பாறைக்குள்ளேயே இருக்கும்.

உயிர்ப்பாறை என்பது என்ன?

இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடுதான் உயிர்ப்பாறை. அதன் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதனால் பாறையே இயற்கை வடிகட்டியாகச் செயல்படுகிறது. அதே துளைகளில் புழு, நண்டு, இறால், நத்தை போன்றவையும் குடியிருக்கும். பெரும்பாலானவை நன்மை செய்பவை. சில மட்டுமே வேட்டையாடுபவை.

முக்கிய எதிரிகள்

1. மேன்டிஸ் இறால்: இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுத்தியல் போன்ற முன்காலால் நத்தை, நண்டின் ஓட்டை உடைக்கும். மற்றொன்று ஈட்டி போன்ற முன்காலால் மீனைக் குத்திப் பிடிக்கும். பாறைத் துளையில் பகல் முழுவதும் பதுங்கியிருக்கும். இதை வெறும் கையால் தொடக் கூடாது, விரல் கிழிந்துவிடும்.

2. வேட்டை நண்டுகள்: கால்களில் அடர்ந்த முடியும், கறுத்த நுனியுள்ள தடித்த கொடுக்கும் கொண்ட நண்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். கொடுக்கின் நுனி கூர்மையாக இருந்தால் அது பிடித்துக் கிழித்துத் தின்னும் வகையாக இருக்கக்கூடும். நுனி கரண்டி போலக் குழிந்திருந்தால் அது பாசி சுரண்டித் தின்னும் வகை.

3. பாபிட் புழு: பல கணுக்களும் வலுவான தாடைகளும் கொண்ட நீண்ட புழு. இரவில் தலையை மட்டும் நீட்டி இரைக்குக் காத்திருக்கும். 2009-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள நியூகீ என்ற ஊரின் பொது மீன் காட்சியகத்தில் பவளங்கள் துண்டாகி, மீன்களும் காயமடைந்து வந்தன. கடைசியில் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, சுமார் 4 அடி நீளமுள்ள புழு கிடைத்தது. அது சிறியதாக இருந்தபோது பாறையோடு வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

இவை தவிர, எய்ப்டேசியா என்னும் சிறிய கடல் சாமந்தியும் பாறையோடு வரும். இது மீனைத் துரத்தாது. ஆனால் வேகமாகப் பெருகி, அருகில் உள்ள பவளங்களைக் கொட்டும். இதை நசுக்கக் கூடாது. துண்டுகள் ஒவ்வொன்றும் புதிதாக வளரும்.

நண்பனை எதிரி என்று எண்ண வேண்டாம்

வயலில் சிலந்தியையும் பொறிவண்டையும் அடையாளம் தெரியாமல் அழித்துவிட்டுப் பிறகு பூச்சித் தாக்குதலால் அவதிப்படுவதைப் பார்க்கிறோம். தொட்டியிலும் இதே தவறு நடக்கிறது.

உடலின் இருபுறமும் வெண்முடி கொண்ட முள்முடிப் புழுக்களில் பெரும்பாலானவை மிஞ்சிய உணவையும் இறந்த உயிர்களையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. காலையில் இறந்த மீனின் மேல் இவை மொய்த்திருப்பதைப் பார்த்துக் கொன்றது இவைதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மீன் வேறு காரணத்தால் இறந்த பிறகே இவை வந்திருக்கும். ஆனால் இதன் முடி தோலில் குத்தினால் எரிச்சல் தரும் என்பதால் கையுறை அவசியம்.

அதேபோல் பாறையிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி கேட்டால் அது மேன்டிஸ் இறாலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள துப்பாக்கி இறாலும் இப்படி ஒலி எழுப்பும். இது பொதுவாக மீன்களுக்குத் தீங்கு செய்வதில்லை.

முதலில் காரணத்தை உறுதி செய்யுங்கள்

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் தண்ணீரில்தான் கோளாறு. உடனே அம்மோனியா, நைட்ரைட் அளவைச் சோதியுங்கள். மீன் காணாமல் போனால் தொட்டியைச் சுற்றித் தரையில் தேடுங்கள். மூடி இல்லாத தொட்டியிலிருந்து மீன் வெளியே குதிப்பது சாதாரணம். இவை இரண்டும் இல்லாமல், துடுப்பு கிழிந்த மீனும் உடைந்த நத்தை ஓடும் தென்பட்டால் வேட்டை விலங்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச்சால் பாருங்கள். இவற்றில் பலவும் சிவப்பு ஒளியைச் சரியாக உணர்வதில்லை. எந்தப் பாறையின் எந்தத் துளையில் நடமாட்டம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறை

• கண்ணாடி டம்ளரில் சிறு இறால் துண்டைப் போட்டு, வாய் பாறையைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். உள்ளே இறங்கும் நண்டு வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் சிக்கும்.

• பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மேன்டிஸ் இறாலுக்கான பொறி தயார். மாலையில் துளைக்கு அருகில் வைத்து, இரவிலேயே எடுத்துப் பாருங்கள்.

• பொறியில் சிக்காவிட்டால் அந்த ஒரு பாறையை மட்டும் வெளியே எடுத்து, துளைக்குள் சிரிஞ்சால் சோடா நீரைச் செலுத்துங்கள். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிறகு பாறையைக் கடல்நீரில் அலசி மீண்டும் வையுங்கள்.

• பாபிட் புழுவை இழுக்கக் கூடாது. உடல் அறுந்து மீதி உள்ளேயே தங்கிவிடும். அந்தப் பாறையையே அகற்றுவது நல்லது.

பூச்சிக்கொல்லி எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். தாமிர மருந்து நன்மை செய்யும் இறால், நத்தைகளையும் கொல்லும், பாறையிலும் படிந்துவிடும். குளங்களில் களை மீன்களை அழிக்க இடும் இலுப்பைப் புண்ணாக்கும் இங்கே உதவாது. அதில் உள்ள சப்போனின் மீனைக் கொல்லும். நண்டும் இறாலும் பிழைத்துக்கொள்ளும்.

வருமுன் காப்பது

பாறையை நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். முதலில், ஒப்படர்த்தி 1.040 அளவுக்கு உப்பு கூட்டிய கடல்நீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுங்கள். ஒளிந்திருக்கும் நண்டும் மேன்டிஸ் இறாலும் வெளியேறும். பின்னர் ஒப்படர்த்தி 1.025 உள்ள கடல்நீரில், தனித் தொட்டியில், நீரோட்டத்துடன் 4 முதல் 6 வாரங்கள் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள். பாறையில் இறந்துபோன உயிர்கள் அழுகி முடிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமான பிறகே பாறை தயார். இந்த வாரங்களில் இரவுச் சோதனையும் பொறியும் தொடரட்டும். மீன் இல்லாத தொட்டியில் எதிரியைப் பிடிப்பது எளிது.

சட்டத்தை மறக்காதீர்கள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே கடலிலிருந்து பவளப் பாறையை எடுப்பதும், அப்படி எடுத்ததை வாங்கி விற்பதும் குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மீனோடு நிம்மதியும் போகும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை, சுட்ட களிமண் அல்லது சிமென்ட்டால் செய்த செயற்கைப் பாறை. புதிய சிமென்ட் நீரின் காரத்தன்மையை உயர்த்தும் என்பதால், அடிக்கடி நீர் மாற்றி, சில வாரங்கள் நன்னீரில் ஊறவையுங்கள். பிறகு கடைகளில் கிடைக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவைச் சேர்த்து, அம்மோனியா பூஜ்ஜியமாகும் வரை காத்திருங்கள். உயிர்ப்பாறைக்கு ஆகும் அதே ஒன்றரை மாதம்தான் ஆகும். ஆனால் இதில் எந்த எதிரியும் ஒளிந்து வர வழியில்லை.