சப்பாத்து காலுக்காகவே

நிலத்தை விட்டு வந்த விவசாயியிடம் மிஞ்சுவது கையும் காலும்தான். வீடு, வயல், கிணறு, மாடு எல்லாம் பின்னால் நின்றுவிட, அந்தக் குடும்பத்தைக் கரை சேர்க்கப்போவது இவை இரண்டுமே. கையில் காயம் பட்டால் உடனே மருந்து கட்டுகிறோம். காலில் பட்டாலோ, "நடக்க நடக்கச் சரிவரும்" என்று விட்டுவிடுகிறோம். இவ்விதழில் நாம் காலைப் பற்றியும், காலை மூடும் சப்பாத்தின் மேற்பாகத்தைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

கண்டியைச் சுற்றி வாழும் எம் மக்களிடையே இடம்பெயராத குடும்பங்கள் குறைவு. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்கடியில் போயின. வன்செயலால் வந்தோர், போரினால் வந்தோர், மண்சரிவால் லயத்தையும் தோட்டத்தையும் இழந்தோர் என்று பலரும் இன்று இங்கு வாழ்கின்றனர். வயலில் வெறுங்காலோடு நின்றவர் இன்று கட்டட வேலைக்கோ, கடைக்கோ, காவல் வேலைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறார். அங்கே சீமெந்துத் தரையில் எட்டு மணி நேரம் சப்பாத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளும் சப்பாத்தோடுதான் பாடசாலை போக வேண்டும். தொழில் மாறியது, தரை மாறியது. கால் மட்டும் பழைய கால்தான்.

அரசனின் சொத்தாக இருந்த சப்பாத்து

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு செய்தி சொல்கிறார். இங்கு எல்லோரும் வெறுங்காலோடு நடந்தனர். சப்பாத்தும் காலுறையும் அரச உடை. அவை மன்னனுக்கு மட்டுமே உரியவை. தமிழ் மண்ணிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தெருவில் செருப்பணிந்து நடக்கத் தடை இருந்தது. ஆகவே காலணி எம்மவர் மனதில் நெடுங்காலம் மதிப்பின் அடையாளமாகவே இருந்துவிட்டது. கடைக்குப் போனால் பளபளப்பைப் பார்க்கிறோம், கூர்மையான முனையைப் பார்க்கிறோம். "காலுக்குச் சரியா?" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சிலவேளை வருவதேயில்லை.

மேற்பாகம் என்பது என்ன?

அடித்தோலுக்கு மேலே காலைச் சுற்றி மூடும் பகுதி முழுவதும் மேற்பாகம். விரல்களை மூடும் முன்பகுதி, இரு பக்கச் சுவர்கள், குதியைப் பிடிக்கும் விறைப்பான பின்பகுதி, நாடா கட்டும் இடம், அதன் கீழுள்ள நாக்கு, உள்ளே ஒட்டிய உட்துணி எல்லாம் இதில் அடங்கும். தோலை அளவுப்படி வெட்டி, துண்டுகளை இணைத்துத் தைத்து, கால் வடிவிலான ஓர் அச்சின் மேல் இழுத்துப் போர்த்தி, பிறகு அடித்தோலோடு ஒட்டுகிறார்கள். அச்சு எப்படியோ சப்பாத்தும் அப்படியே. ஒடுங்கிய அச்சில் இழுத்த சப்பாத்து எவ்வளவு விலையானாலும் ஒடுங்கியதுதான்.

எமது பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. உட்காரும்போது இருக்கும் அளவில் அது நிற்கும்போது இருப்பதில்லை. உடற்பாரம் ஏறியதும் நீண்டு அகலும். மாலையானதும் சற்று வீங்கும். வெறுங்காலோடு சேற்றிலும் வரம்பிலும் வளர்ந்த பாதமோ முன்னால் விசிறிபோல் விரிந்திருக்கும். கடையில் கேட்கும் இலக்கம் பெரும்பாலும் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அகலத்தைப் பற்றி அது பேசுவதில்லை. இதனால் எம்மவர் பலர், அகலம் போதவில்லை என்று ஓர் இலக்கம் கூடிய சப்பாத்தை வாங்குகிறார்கள். அப்போது நீளம் கூடிக் குதி கழன்று உரசுகிறது. பக்கமோ இன்னும் இறுக்கியபடியே இருக்கிறது.

இறுக்கினால் என்ன ஆகும்? ஹொங்கொங்கில் சீன மக்களிடையே செய்து 1958இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சப்பாத்தணிவோரில் 100க்கு 33 பேருக்குப் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தோரில் 100க்கு 2 பேருக்கே அப்படி இருந்தது. தென்னிந்தியாவில் மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர்கள் 4 வயது முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், அணியாதோரில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய சப்பாத்து அணிந்தோரிடம் அது அதிகமாகவும், திறந்த செருப்பு அணிந்தோரிடம் குறைவாகவும் காணப்பட்டது.

அப்படியானால் வெறுங்காலே நல்லதா என்று கேட்பீர்கள். இல்லை. மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் கொழுக்கிப் புழு, எம் தோட்டத் தொழிலாளரின் இரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாக உறிஞ்சியது. எலிக்காய்ச்சல் கிருமியும் காலிலுள்ள வெடிப்பு வழியாக உள்ளே புகும். 2008இல் நாட்டில் 7000க்கு மேற்பட்டோருக்கு அந்நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. காலுக்குக் காப்பு வேண்டும். அந்தக் காப்பே காலைக் கெடுக்கக் கூடாது. நாம் சொல்வது இவ்வளவே.

மலைநாட்டின் சிறப்புத் தேவை

வன்னியிலோ மன்னாரிலோ சமதரையில் நடப்பதும் கண்டியில் நடப்பதும் ஒன்றல்ல. இங்கே வீட்டுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் இடையில் ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டும் உண்டு. இறக்கத்தில் நடக்கையில் பாதம் சப்பாத்துக்குள் முன்னோக்கி வழுகும். விரல்கள் முனையில் போய் முட்டும். நகம் கறுக்கும், பிறகு கழன்று விழும். இதற்கு முனையை நீட்டிப் பயனில்லை. புறங்காலை நாடாவோ பட்டியோ உறுதியாகப் பிடிக்க வேண்டும். அங்கே பிடித்தால் விரல்கள் சுதந்திரமாக இருக்கும். நாடா இல்லாமல் நுழைத்துப் போடும் சப்பாத்து, காலிலிருந்து கழலாமல் இருக்க விரல்களையே இறுக்க வேண்டியிருக்கிறது. எனவே மலையில் நடப்போருக்கு நாடா உள்ளதே மேல்.

இங்கு மழையும் அதிகம். றெக்சினும் பிளாஸ்டிக்கும் வியர்வையை வெளியே விடா. காலின் வடிவுக்கு இளகியும் கொடா. நனைந்த கால் நாள் முழுதும் உள்ளே ஊறினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். தோலோ துணியோ காற்றை ஓரளவு விடும். வாங்க வசதியில்லையாயின், இரவில் நாடாவைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து வையுங்கள். ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பருகே காய வைத்தால் தோல் வெடித்துவிடும்.

வலிக்காத காலே ஆபத்தான கால்

கடித்த சப்பாத்தை நாம் கழற்றி எறிவது வலியினால்தான். அந்த வலி இல்லாதவர் என்ன செய்வார்? இதற்கு விடை தேடியவர் வைத்தியர் போல் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த இவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலே அழுகி விழுகின்றன என்றே அப்போது பலரும் நம்பினர். உணர்ச்சியற்ற காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும், கவனியாமல் விட்ட காயமுமே விரல்களை அழிக்கின்றன என்று பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் எடுத்துக்காட்டினர். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் நிலையத்திலும் மென்மையான நுண்துளை றப்பரில் காலணிகள் செய்து நோயாளரின் கால்களைக் காத்தனர்.

அந்த அறிவு இன்று சலரோகக் காரருக்கும் உதவுகிறது. இந்நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் உண்டு. அது நாட்பட்டால் பாதம் மரத்துப்போகலாம். அப்படிப்பட்ட காலில், சப்பாத்தின் அடிப்பாகம் உள்ளங்காலிலும், மேற்பாகம் விரல்களின் மேலும் பக்கத்திலும் புண் உண்டாக்கும். சுண்டுவிரல் ஓரத்தில் மெதுவாக, ஆனால் மணிக்கணக்கில் அழுத்தும் ஓர் இறுக்கமான பக்கச்சுவர் போதும். இரத்தம் ஓடாமல் அந்த இடத்துச் சதை இறந்துவிடும். நோயாளி மாலையில் காலுறையில் கறையைக் கண்டுதான் அறிவார். விரலில் தொடங்கியது காலை வெட்டுவதில் முடிந்த குடும்பங்களை நாம் அறிவோம். நிலமும் போய்க் காலும் போனால் அந்தக் குடும்பம் எதை ஊன்றி எழும்பும்?

மரத்த காலுக்கு உரிய காலணியின் இலக்கணம் எளியது. விரலிடுக்கில் செருகும் வார் கூடாது. முன்பட்டி அகலமாகவும், வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். குதிக்குப் பின்னால் பட்டி வேண்டும். அது இருந்தால் செருப்பைப் பிடிக்க விரல்கள் மடங்க வேண்டியதில்லை. உள்ளே தடித்த தையல் கூடாது. எங்கும் ஆணி அறையக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

மாலை நேரத்தில் ஒரு தாளின் மேல் காலை ஊன்றி நில்லுங்கள். இன்னொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். இரு காலுக்கும் வேறுவேறாகப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. கோட்டின் மேல் வெட்டி எடுத்த தாளைச் சப்பாத்துக்குள் விடுங்கள். தாள் ஓரத்தில் மடிந்தால், அதே இடத்தில் உங்கள் காலும் மடிகிறது. கடைக்குப் போகும்போது இந்தத் தாளைக் கொண்டுபோங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நாடாவை இறுக்கி எழுந்து நின்றதும், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். குதி கழலக் கூடாது. சப்பாத்தின் உட்புற ஓரம் பெருவிரலை நோக்கி நேராகச் செல்ல வேண்டும். சூரிச் நகரின் உடற்கூற்றுப் பேராசிரியர் ஹெர்மன் வொன் மேயர் 1850களிலேயே வலியுறுத்திய உண்மை இது.

புதுச் சப்பாத்தை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடம் இறுக்கம். வளரும் பிள்ளையின் சப்பாத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். அண்ணனின் சப்பாத்தைத் தம்பிக்குக் கொடுக்கும் போதும், நிவாரண மூட்டையில் வந்ததை எடுக்கும்போதும் இன்னும் கவனம் தேவை. பழைய சப்பாத்தின் மேற்பாகம் முன்பு போட்டவரின் காலுக்குப் பழகியிருக்கும்.

சீனி வருத்தம் உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளை உங்கள் விரலால் மெதுவாகத் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் கிளினிக்கில் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் சப்பாத்துப் போடக் கூடாது.

தைப்பவரோடு பேசுங்கள்

எல்லோராலும் புதுச் சப்பாத்து வாங்க முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் இருப்பதைத் திருத்தலாம். புண்படும் இடத்துக்கு நேரே உள்ள துளைகளை விட்டு நாடாவைக் கோத்தால் அங்கு அழுத்தம் குறையும். தோற் சப்பாத்தை நனைத்து அச்சில் ஏற்றி, இறுக்கும் இடத்தை மட்டும் சற்று விரிக்கலாம். செருப்புக்குப் பின்பட்டி வைத்துத் தைக்கலாம். குட்டையான பட்டிக்கு ஒரு துண்டு இணைத்து நீட்டலாம். இவற்றையெல்லாம் நகரத்து நடைபாதை ஓரத்தில் ஊசியும் நூலுமாகக் குந்தியிருக்கும் தொழிலாளி செய்வார். அவரிடம் அறுந்ததைத் தைக்கக் கொடுத்துவிட்டு முகம் பாராமல் நிற்பதே எம் வழக்கம். தோலைத் தொட்டவரைத் தள்ளி வைத்த சமூகம் இது. எம் கால்களைக் காக்கும் அறிவு அவர் கையிலும் இருக்கிறது. கோடு போட்ட தாளை அவரிடம் காட்டி, எங்கே நோகிறது என்று விளக்கிக் கேளுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தங்கள் தாள்களோடு ஒருமித்துச் செருப்புத் தைக்கக் கொடுத்தால் விலையும் பேசலாம், அவருக்கும் நிலையான வேலை கிடைக்கும்.

விதைக்குமுன் மண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். எந்த மண்ணுக்கு எந்த நெல் என்று உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு இன்றிரவு வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பாதத்தையும் விளக்கருகே வைத்துப் பாருங்கள். முதலில் பிள்ளைகளுடையதை, பிறகு சீனி வருத்தமுள்ள முதியவர்களுடையதை. சிவந்த இடம் கண்டால், நாளைக்கு அந்தச் சப்பாத்தைப் போட விடாதீர்கள்.