எம்மா லிவ்ரியின் மேடை உடை: எஞ்சிய பகுதி
பாரிஸ், 1862

கருகிய இந்தத் துணித் துண்டுகள், பாரிஸ் ஓபராவின் பாலே நடனக் கலைஞர் எம்மா லிவ்ரி அணிந்திருந்த உடையின் மிச்சம். 1862 நவம்பர் 15 அன்று ‘போர்ட்டிசியின் ஊமைப் பெண்’ ஓபராவுக்கு ஒத்திகை நடந்தது. வாய் பேசாத ஃபெனெல்லாவாக மேடையேற இருந்த லிவ்ரி பாவாடையை உதறிச் சரிசெய்தபோது, அருகில் எரிந்த எரிவாயு விளக்கிலிருந்து தீப்பற்றியது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, 20 வயதில் இறந்தார்.

1832இல் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரீ தாலியோனி அணிந்த வெள்ளை உடைக்குப் பிறகு, இவ்வகைப் பாவாடையே மேடை வழக்கமானது. மெல்லிய துணி அடுக்கடுக்காக, மணி வடிவில், கெண்டைக்கால் வரை இறங்கும். விளக்கொளி அதை ஊடுருவும்போது ஆடுபவர் மிதப்பதுபோலத் தோன்றுவார். அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்று, பற்றிய தீயையும் வளர்த்துவிடும். தாலியோனியே லிவ்ரிக்குப் பயிற்சி அளித்தார்; 1860இல் அவருக்காக ‘பட்டாம்பூச்சி’ என்ற பாலேயையும் அமைத்தார். அதில் நாயகியின் சிறகுகள் தீப்பந்தத்தில் கருகுவது கதையின் ஒரு கட்டம்.

எளிதில் தீப்பற்றாத துணி அப்போதே இருந்தது. கார்த்தெரோன் என்பவரின் முறைப்படி வேதிக் கரைசலில் நனைத்த உடைகளையே மேடையில் பயன்படுத்த வேண்டும் என 1859இல் பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. ஆனால் நனைத்த துணி விறைத்தது, வெண்மையும் மங்கியது. அதை வெறுத்தவர் லிவ்ரி மட்டுமல்ல. வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று 1860இல் அவர் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.