அப்பா ஒரு ஃபைலில், பிள்ளை இன்னொரு ஃபைலில்

பழைய தமிழ் நூல்களில் எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குறிப்பெடுத்து வந்து, நானே பிஎச்பியில் எழுதிய சின்னப் புரோகிராமில் போடுவேன். எண்ணும் கோடை நாலு ஃபைலில் காப்பி செய்து வைத்திருந்தேன். ஒரு பிழையை மூன்றில் திருத்தி, நாலாவதை மறந்துவிட்டேன். நான் எழுதி வைத்த ஒரு அட்டவணையே தப்பாகிப் போச்சு. அப்புறம்தான் இன்ஹெரிட்டன்ஸுக்கு மாறினேன்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யுடிஎஃப்-8இல் அது 15 பைட். யூனிகோட் குறியீடுகள் 5. நம் கணக்கில் எழுத்து 3. பிஎச்பியின் கிராஃபீம் ஃபங்ஷன் 3 என்று சரியாகச் சொல்லும். ஆனால் 'க்ஷ'வை 2 என்று எண்ணும். எனக்கு அது 1. ஆகவே, ஃபைலைப் படிப்பது, வரி பிரிப்பது எல்லாம் 'டெக்ஸ்ட்' என்ற தாய் கிளாஸில். எண்ணும் மெத்தடை மட்டும் மாற்றி எழுதும் 'தமிழ்டெக்ஸ்ட்' என்ற சேய் கிளாஸ் தனி ஃபைலில்.

இங்கேதான் சிக்கல்கள் ஆரம்பம்.

முதலாவது, வரிசை. 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று எழுதினால் மட்டும் போதாது. சேய் ஃபைல் ஓடும்போது தாய் ஏற்கெனவே லோட் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் 'கிளாஸ் இல்லை' என்று நின்றுவிடும். 'ரிக்வயர் ஒன்ஸ்' என்று சேர்த்தால் இரண்டு முறை லோட் ஆகும் தொல்லையும் இல்லை.

இரண்டாவது, பாதை. 'இரண்டு புள்ளி, சாய்கோடு' என்று தொடங்கும் பாதை உங்கள் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்காவதில்லை. அப்போது நடப்பிலுள்ள ஃபோல்டரிலிருந்துதான். வேறு ஃபோல்டரில் உள்ள பக்கம் கூப்பிட்டால் தப்பான இடத்தில் தேடும். பிஎச்பி 5.3இல் வந்த 'டிர்' என்ற மாறிலியை முன்னால் சேர்த்தால் தீர்ந்தது.

மூன்றாவது, என் ஒரு ராத்திரியைத் தின்றது. ஃபைல் பெயரில் பெரிய 'டி', கோடில் சிறிய 'டி'. விண்டோஸ் லேப்டாப்பில் ஓடியது. லினக்ஸ் சர்வரில் அப்படி ஒரு ஃபைலே இல்லை!

ஃபைல்கள் கூடும்போது ஒவ்வொன்றாகச் சேர்ப்பது கட்டுப்படியாகாது. பிஎச்பி 5.1 முதல் ஆட்டோலோட் பதிவு செய்யும் வசதி உண்டு: தெரியாத கிளாஸ் பெயர் வந்தால், நீங்கள் கொடுத்த ஃபங்ஷன் போய் ஃபைலைத் தேடும். பிஎஸ்ஆர்-4 என்ற ஒழுங்கைப் பின்பற்றினால் கம்போஸரே இதைப் பார்த்துக்கொள்ளும். அங்கேயும் பெரிய, சிறிய எழுத்து பொருந்தியே ஆக வேண்டும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமா? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியின் கோடைத் திறந்து பாருங்கள். 'அண்மைய மாற்றங்கள்', 'கவனிப்புப் பட்டியல்' இரண்டும் தனித்தனி ஃபைல். தாய் கிளாஸ் ஒன்றே. அந்தத் தாய்க்கும் மேலே 'ஸ்பெஷல்பேஜ்' என்று ஒரு பாட்டி. எந்த கிளாஸ் எந்த ஃபைலில் என்று சொல்ல நீளமான ஆட்டோலோட் பட்டியல் ஒன்றும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: தாயில் கை வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் மாறும். அதனால் இப்போதெல்லாம் தாயைத் திருத்தியதும் 'தமிழ்', 'க்ஷ' இரண்டையும் எண்ண விட்டு, 3, 1 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அட்டவணை போடுகிறேன்.